ஊட்டுங் கையும் மருத்துவ நூலும்: நரம்பு நோயாளரின் விழுங்கற் குறைபாடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் நோய்களை இனங்கண்டோரின் வரலாறாகவும், அவற்றுக்கு மருந்து கண்டோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளியின் அருகிருந்து அவருக்கு உணவூட்டியோரின் வரலாறு அதில் இடம்பெறுதல் அரிது. அம்மையின் வரலாற்றையோ மலேரியாவின் வரலாற்றையோ எழுதுமிடத்து இஃது ஒரு பெருங்குறையாகத் தோன்றுவதில்லை. ஆனால், ஆண்டுக்கணக்கில் மெல்ல முதிர்ந்து செல்லும் நரம்பு நோய்களின் வரலாற்றை அவ்வாறு எழுதிவிட முடியாது. நடுக்குவாதம் என்று தமிழில் வழங்கும் பார்க்கின்சன் நோய், தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் இயக்க நரம்புக்கல நோய் ஆகியவற்றுக்கு முழுமையான நிவாரணம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. இந்நோய்கள் முற்றும் நிலையில் கைகால்களின் தளர்ச்சியைப் போலவே ஆபத்தானது தொண்டையின் தளர்ச்சியாகும். உணவும் நீரும் உமிழ்நீரும் உணவுக்குழாயினுட் செல்லாது மூச்சுக்குழாயினுட் புகுகின்றன. அதனால் நுரையீரலில் அழற்சி உண்டாகின்றது. பார்க்கின்சன் நோயாளரின் மரணத்துக்கான தலையாய காரணங்களுள் இவ்வகை நியூமோனியாவும் ஒன்றாகும்.

இவ்வாபத்து நிகழும் இடம் வைத்தியசாலையன்று. வீட்டின் சமையலறையும் திண்ணையும் படுக்கையுமே. நாளொன்றுக்கு மூன்று வேளையும் நிகழும் இச்சிகிச்சையைச் செய்பவர் வைத்தியரல்லர். மனைவியோ கணவனோ மகளோ மருமகளோ ஆவர். எனவே, விழுங்கற் குறைபாடு பற்றிய அறிவின் வரலாற்றை ஆராயும்போது, அவ்வறிவு எப்போது தோன்றியது என்ற வினாவுடன், அஃது ஊட்டுங் கையை எப்போது, எந்த மொழியிற் சென்றடைந்தது என்ற வினாவும் எழுதல் தவிர்க்க முடியாததாகும்.

சானற்றோரியத்திலிருந்து வீட்டுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்த மயிலிட்டி மீன்பிடித்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊராகும். 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வு நிகழும்வரை காசநோயாளருக்கான வைத்தியசாலை ஒன்றும் அங்கு இயங்கி வந்தது. சானற்றோரியம் என மக்கள் வழங்கிய இத்தகைய நிலையங்கள் உலகெங்கும் ஒரே கொள்கையின் அடிப்படையில் எழுந்தவை. நோயாளி வீட்டினின்றும் பிரிக்கப்படல் வேண்டும்; தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியன அவருக்கு மாதக்கணக்கிற் கிடைத்தல் வேண்டும் என்பதே அக்கொள்கையாகும்.

இக்கொள்கையை அசைத்த ஆய்வு தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை நிலையம், நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினரைச் சானற்றோரியத்திலும் மற்றைய கூற்றினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டுகாலம் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்புநோக்கியது. வீட்டிலிருந்தோர் உண்ட உணவு குறைந்தது. அவர்கள் பெற்ற ஓய்வும் குறைந்தது. அவ்வாறிருந்தும் இரு கூற்றினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலமுற்றனர் என்பது 1959இல் வெளியான முடிவாகும். சிகிச்சையின் இடம் வைத்தியசாலை என்ற எண்ணம் மாறி, வீடும் அதற்கு ஏற்ற இடமே என்பதை உலகம் ஒப்புக்கொள்வதற்கு இவ்வாய்வு பெருந்துணை புரிந்தது.

இவ்வரலாறு நரம்பு நோயாளரைப் பற்றிய வரலாற்றுக்கு ஒரு முன்னுரை போன்றது. எனினும் இரண்டுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. காசநோயாளியின் வீட்டார் செய்யவேண்டியிருந்தது உரிய மருந்தை உரிய காலத்திற் கொடுப்பதாகும்; குணப்படுத்தியது மருந்தே. விழுங்கற் குறைபாடு உடையவரின் வீட்டிலோ ஊட்டும் முறையே மருந்தாகின்றது. உடலை இருத்தும் வகை, கரண்டியின் அளவு, உணவின் பதம், கையின் பொறுமை என்பவற்றை வைத்தியர் எழுதித் தரும் துண்டைக்கொண்டு மருந்தகத்திற் பெற்றுவிட முடியாது.

விழுங்குதலின் இயல்பு

ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 தடவை விழுங்குகின்றார். அதனை அவர் உணர்வதுமில்லை. ஆயினும் உடலின் சிக்கலான செயல்களுள் இதுவும் ஒன்றாகும். பிரெஞ்சு உடற்றொழிலியலறிஞராகிய மஜென்டி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இச்செயலை வாய், தொண்டை, உணவுக்குழாய் என்ற மூன்று கட்டங்களாக வகுத்துக் காட்டினார். முதற்கட்டத்தில் நாக்கு உணவைத் திரட்டி உருண்டையாக்கிப் பின்னே தள்ளுகின்றது. இது மனிதனின் விருப்பத்துக்கு உட்பட்டது. இரண்டாங் கட்டம் தொடங்கியபின் அதனை நிறுத்த இயலாது. மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கின்றது. குரல்வளை மேலும் முன்னும் எழுகின்றது. அதன் வாய்மூடி கவிகின்றது. குரல்நாண்கள் நெருங்கி மூடுகின்றன. மூச்சு ஒருகணம் நிற்கின்றது. உணவுக்குழாயின் வாயில் திறக்கின்றது. இவையனைத்தும் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் நிகழ்ந்து முடிகின்றன. காற்றும் உணவும் ஒரே சந்தியைக் கடந்து செல்லவேண்டியிருப்பதால், இவ்வொழுங்கில் நிகழும் சிறு தாமதமும் ஆபத்தாகின்றது.

இவ்வாபத்தைத் தமிழ்ச் சமூகம் அறியாதிருக்கவில்லை. புரைக்கேறுதல் என்றும், யாழ்ப்பாணப் பேச்சில் பிரக்கடித்தல் என்றும் அதற்குச் சொற்கள் உண்டு. ஆனால் அச்சொற்களைச் சூழ்ந்துள்ள வழக்கம் கருதத்தக்கது. புரைக்கேறினால் யாரோ தம்மை நினைக்கின்றார்கள் என்று சொல்லி, உச்சந்தலையில் தட்டிவிட்டு உணவைத் தொடர்வதே வழமை. நலமுள்ளோருக்கு இது தீங்கற்ற வழக்கமே. எனினும், முதியவர் ஒருவர் ஒவ்வொரு வேளையும் நீர் அருந்தும்போது இருமுவாராயின், அவரைப் பலர் நினைக்கின்றார்கள் என்று மகிழ்வதற்கில்லை. நோயின் முதற் குறியொன்று அன்பின் குறியாகக் கொள்ளப்பட்டு மறைந்துபோகும் வாய்ப்பு இங்குண்டு.

மறுபுறத்தில், தொண்டை தளர்தலை முடிவின் அறிகுறியாகக் கொள்ளும் மரபும் தமிழில் மிகப் பழமையானது. திருக்குறளின் நிலையாமை அதிகாரம் நாவடங்கலையும் விக்குள் எழுதலையும் இறப்பின் வாயிலில் வைத்தே பேசுகின்றது. ஆக, புரைக்கேறுதல் ஒன்றில் பொருட்படுத்தத் தகாத சிறு நிகழ்ச்சியாகின்றது. அன்றேல் கைவிட்டுவிட வேண்டிய இறுதி நிலையாகின்றது. இவ்விரண்டுக்கும் இடையில், பேணி நடத்தக்கூடிய பல ஆண்டுகள் உண்டு என்பதே நவீன மருத்துவம் காலந்தாழ்த்திக் கண்ட உண்மையாகும்.

வருணனையும் மருந்தும்

இலண்டனில் மருத்துவத் தொழில் புரிந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதம் பற்றிய சிறுநூலொன்றை வெளியிட்டார். அதில் அவர் ஆறு நோயாளரை விவரித்தார். அவர்களுட் சிலர் அவர் தெருவிற் கண்டோரே. கைநடுக்கத்தையும் கூன்நடையையும் விவரித்ததோடு அவர் நிற்கவில்லை. நோய் முதிர்ந்த காலத்தில் நோயாளி தாமாக உண்ண இயலாது பிறரால் ஊட்டப்படுதலையும், வாயிலிட்ட உணவு மெல்லப்படும்வரை அங்கு தங்காமையையும், மென்றபின் விழுங்கப்பட முடியாமையையும், உமிழ்நீர் பின்னே செல்லாது வாயினின்றும் வழிதலையும் அவர் தெளிவாகப் பதிவு செய்தார். அதாவது, இந்நோயை முதன்முதல் தனியொரு நோயாக வரையறுத்த நூலிலேயே விழுங்கற் குறைபாடும் இடம்பெற்றுவிட்டது. இயக்க நரம்புக்கல நோயைப் பொறுத்தவரை, நாக்கு, அண்ணம், உதடு ஆகியவற்றின் படிப்படியான செயலிழப்பைப் பாரிஸில் டுஷேன் 1860இல் விவரித்தார். அந்நோயின் நரம்பியல் அடிப்படையை 1869இல் ஷார்கோ விளக்கினார்.

வருணனைக்கும் மருந்துக்கும் இடையே நெடுங்காலம் கழிந்தது. இவ்விடைவெளியிற் சென்னைக்கும் ஓரிடமுண்டு என்பதைப் பலர் அறியார். வாத நோய்களுக்கு இந்திய மருத்துவ மரபு பயன்படுத்திய பூனைக்காலி என்னும் கொடியின் வித்துகளிலிருந்து, இன்று லெவோடோபா எனப்படும் பொருளைச் சென்னையில் ஆய்வு நிகழ்த்திய தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டனர். அப்பொருள் நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் மூளையில் டோபமின் என்னும் பொருளின் பணியைச் சுவீடனில் கார்ல்சன் எடுத்துக்காட்டினார். பார்க்கின்சன் நோயாளரின் மூளையில் அப்பொருள் குன்றியிருத்தலை 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் கண்டார். அடுத்த ஆண்டில் அவரும் பிர்க்மாயரும் லெவோடோபாவை நோயாளருக்கு ஏற்றிப் பார்த்தனர். 1967இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் அதனை வாய்வழியாகச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும் முறையை நிலைநிறுத்தினார். சென்னை ஆய்வுக்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் சரியாக 30 ஆண்டுகளாகும்.

லெவோடோபா பெரும்பயன் விளைத்த மருந்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் கைகால்களின் இறுக்கத்தைத் தளர்த்துமளவுக்குத் தொண்டையின் ஒழுங்கை அது சீர்செய்வதில்லை. சிலருக்கு விழுங்குதல் எளிதாகின்றது. பலருக்கு மாற்றம் மிகச் சிறிதே. அன்றியும், மருந்து தன் பயனைக் காட்டும் வேளையும் காட்டாத வேளையும் நாள்முழுதும் மாறி மாறி வருதலால், உணவு வேளையை முன்னதனோடு பொருந்த அமைத்துக்கொள்ளவேண்டிய பொறுப்பு வீட்டாருக்கு உண்டாயிற்று. மருந்து வந்தபின்னரும் ஊட்டுங் கையின் பணி குறையவில்லை. அதற்கு நேரங்கணிக்கும் பணியும் கூடியது.

சென்னையின் பெயர்தாங்கிய மற்றொரு நோயும் இங்கு குறிப்பிடற்பாலது. இயக்க நரம்புக்கல நோய் பொதுவாக நடுவயதைக் கடந்தோரைத் தாக்குவது. ஆனால் சென்னையில் இளவயதினரிடையே தோன்றிய வேறுவகை ஒன்றை மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகியோர் 1970இல் விவரித்தனர். கைகால்களின் மெலிவோடு முகம், நா, தொண்டை ஆகியவற்றின் தளர்ச்சியும், பலரிடத்துச் செவிட்டுத்தன்மையும் அதன் இயல்புகளாகும். உலக மருத்துவ நூல்களில் அது மதராஸ் இயக்க நரம்புக்கல நோய் என்றே வழங்கி வருகின்றது. மெதுவாக முதிரும் இந்நோயுடன் பல்லாண்டுகள் வாழ்வோர் உளர். விழுங்க இயலாமையும் கேட்க இயலாமையும் ஒருங்கே வாய்த்த ஓர் இளைஞனுக்கு உணவூட்டுதல் எத்துணை நுண்ணிய பணி என்பதை விளக்க வேண்டுவதில்லை. கழுத்தைத் தாழ்த்து, இன்னும் ஒருமுறை விழுங்கு என்று சொல்லும் சொற்களும் அவனிடம் கையசைவாக மாறியே சென்றடைதல் வேண்டும்.

பிந்தி வந்த அறிவு

வருணனை 1817இலும் மருந்து 1960களிலும் தோன்ற, விழுங்கற் குறைபாட்டை நேரே ஆராய்ந்து பேணும் துறை அவற்றுக்கும் பின்னரே உருப்பெற்றது. அமெரிக்கப் பேராசிரியை ஜெரி லோகெமன் பேரியம் கலந்த உணவை நோயாளிக்குக் கொடுத்து, அது தொண்டையைக் கடக்கும் விதத்தைக் கதிர்ப்படமாக இயங்குநிலையிற் பதிவுசெய்யும் முறையை வளர்த்தார். 1983இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். 1988இல் சூசன் லாங்மோரும் அவருடன் பணியாற்றியோரும் மெல்லிய உள்நோக்குக் குழாயை மூக்கின் வழியே செலுத்தித் தொண்டையை நேரிற் காணும் முறையை வெளியிட்டனர். இம்முறைகள் வெளிப்படுத்திய உண்மைகளுள் அச்சந்தருவது ஒன்றுண்டு: நரம்பு நோயாளர் பலருக்கு உணவு மூச்சுக்குழாயினுட் புகும்போதும் இருமல் எழுவதில்லை. இருமலின்மை நலத்தின் அறிகுறியாகாது. உணவுண்டபின் குரல் ஈரங்கலந்து கரகரத்தல், உணவு வேளை வரவரநீளுதல், கன்னத்தினுள் உணவு தங்குதல், காரணம் புலப்படாத எடைக்குறைவு, அடிக்கடி வரும் காய்ச்சல் ஆகியவற்றை வீட்டார் கவனித்தல் வேண்டும் என்ற அறிவுரை இதனாலேயே எழுந்தது.

1998இல் லாங்மோரின் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. முதியோர் 189 பேரைத் தொடர்ந்து கவனித்து, அவர்களுள் நியூமோனியாவுக்கு ஆளாவோர் யாவர் என்பதை அவ்வாய்வு தேடியது. விழுங்கற் குறைபாடு மட்டுமே அந்நோயைத் தருவதில்லை என்பது அதன் முடிவு. உணவுக்குப் பிறர் கையை நம்பியிருத்தல், வாயைத் துப்புரவு செய்யவும் பிறரை நம்பியிருத்தல், சொத்தைப்பற்களின் எண்ணிக்கை ஆகியன முன்னிலையில் நின்றன. யப்பானிய முதியோர் இல்லங்களில் நிகழ்ந்து 1999இல் வெளியான ஆய்வொன்றும், ஒவ்வொரு வேளையும் வாயைத் துப்புரவு செய்தல் நியூமோனியாவைக் குறைக்கும் என்று காட்டியது. மூச்சுக்குழாயினுட் செல்லும் ஒரு துளி உமிழ்நீர் எத்தகைய வாயிலிருந்து செல்கின்றது என்பது முக்கியமாகின்றது. பல்லில்லாத வாய்க்குத் துப்புரவு வேண்டாம் என்ற எண்ணமும், இரவில் வெற்றிலைச் சக்கையோடு உறங்கச் செல்லும் வழக்கமும் இவ்வகையில் மீள்நோக்குக்கு உரியன.

எளிய தீர்வுகளை ஆய்வு எப்போதும் ஆதரிப்பதில்லை என்பதற்கு 2008இல் வெளியான முடிவுகள் சான்றாகும். பார்க்கின்சன் நோயோ மறதி நோயோ உடைய 515 பேரை மூன்று மாதங்கள் கவனித்த அவ்வாய்வில், நாடியைத் தாழ்த்தி நீர் அருந்தியோரும், நீரைத் தடிப்பாக்கி அருந்தியோரும் ஒப்பிடப்பட்டனர். நியூமோனியா ஏற்படுதலில் இரு சாராருக்கும் இடையே திட்டவட்டமான வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் தடித்த பானம் அருந்தியோரிடையே உடல்நீர் வற்றுதல் மிகுதியாயிருந்தது: மற்றையோருள் 100க்கு 2 பேருக்கும், இவர்களுள் 100க்கு 6 பேருக்கும் அது நேர்ந்தது. தடித்த பானத்தை விரும்பாதோர் குறைவாகவே அருந்துவர் என்பது எவரும் ஊகிக்கத்தக்கதே. எனவே, தண்ணீரை நிறுத்திவிடுதல் காவலாகிவிடாது. எந்நோயாளிக்கு எது பொருந்தும் என்பதைப் பயிற்சி பெற்றவர் ஒருவர் கண்டறிந்து சொல்லுதலும், வீட்டார் அதனை நாள்தோறும் கடைப்பிடித்தலும் இணைந்தே காவலாகும்.

மொழியின் பங்கு

அறிவு ஊட்டுங் கையைச் சென்றடைதற்கு மொழி வேண்டும். இவ்வகையில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் பலர் ஊரை விட்டு அரசாங்க உத்தியோகங்களை நாடிச் செல்வதைக் கண்ட அவர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தால் வைத்தியர் கிராமங்களில் நிலைபெறுவர் என்று கருதினார். 1860களின் நடுப்பகுதியிலிருந்து தமிழிற் போதனை தொடங்கிற்று. இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், மனுஷ சுகரணம் 1883இலும் அவரது முயற்சியால் அச்சேறின. அங்காதிபாதம் உடலமைப்பையும், சுகரணம் உடலின் தொழிற்பாட்டையும் கூறுவனவாம். கிறே என்பார் 1858இல் ஆங்கிலத்தில் எழுதிய உடலமைப்பு நூல் 14 ஆண்டுகளில் தமிழில் வெளிவந்தமை எண்ணிப்பார்க்கத்தக்கது.

கிறீனின் நூல்கள் வைத்தியராகப் பயில்வோரை நோக்கியன. அவர் காலத்தின் தேவை அதுவாகவே இருந்தது. பின்னர் இலங்கையில் அறிவியற் கல்வி தமிழிலும் நிகழ்ந்தபோது கலைச்சொற்கள் மேலும் பெருகின. பாடநூல்கள் மூச்சுக்குழாயை வாதனாளி என்றும், உணவுக்குழாயைக் களம் என்றும் குறித்தன. மாணவன் இச்சொற்களைப் பரீட்சைக்காகக் கற்றான். அவன் வீட்டில் பாட்டனாருக்குச் சோறூட்டிய தாய்க்கோ பிரக்கடித்தல் என்ற சொல் மட்டுமே தெரியும். களத்துக்குச் செல்லவேண்டியது வாதனாளிக்குச் செல்லுதலே பிரக்கடித்தல் என்று இவ்விரு சொற்றொகுதிகளையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துக் காட்டும் பணி போதிய அளவு நிகழவில்லை. பேச்சு, மொழிச் சிகிச்சையாளரைப் பயிற்றும் நெறி இலங்கையில் 1997இலேயே களனிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. விழுங்கற் குறைபாட்டை ஆராய்ந்து வழிகாட்டுதல் அவர்களது துறையைச் சார்ந்தது. தமிழில் உரையாடி வழிகாட்டக்கூடிய சிகிச்சையாளரின் தேவை வடக்கிலும் கிழக்கிலும் இன்னும் பெரிதாகவே உள்ளது.

உணவின் பதமும் ஊரின் உணவும்

2013இல் தொடங்கிய சர்வதேச முயற்சியொன்றின் பயனாக, உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாக வகுக்கும் முறை 2015இல் வெளியிடப்பட்டது. தண்ணீர் போன்றவை 0ஆம் படியிலும், வழமையான உணவு 7ஆம் படியிலும் அமையும். இதன் சிறப்பு, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாமையாகும். குறித்த வகை 10 மில்லிலீற்றர் ஊசிக்குழலிற் பானத்தை நிரப்பி, 10 விநாடியில் எவ்வளவு வடிகின்றது என்று பார்த்தாற் போதும். முற்றாக வடிந்தால் அது 0ஆம் படி. சிறிதும் வடியாவிட்டால் 4ஆம் படி.

இம்முறையை யாழ்ப்பாணத்துச் சமையலறைக்குப் பொருத்திப் பார்க்கும்போது சில உண்மைகள் தெளிவாகின்றன. மெல்லியது என்று கருதி நோயாளிக்கு முதலில் கொடுக்கப்படும் இளநீரும் தேநீரும் இரசமும் தொண்டையை விரைந்து கடப்பன. தாமதித்து மூடும் குரல்வளைக்கு இவையே கடினமானவை. பிட்டு உதிர்வது, வாயில் ஈரமின்றேல் திரளாது சிதறும். இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டுக் கொடுப்பது இதமானதாகத் தோன்றினும், நீர்மமும் திண்மமும் ஒருங்கே வாயிற் சேர்வதால் நீர் முந்தி ஓடிவிடும். மயிலிட்டி போன்ற கரையோர ஊர்களின் பெருமைக்குரிய ஒடியற்கூழ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் மா கூழ்ப்பதமானது. ஆனால் அதனுள் மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் மரவள்ளியும் உண்டு. ஒரே கோப்பையில் மூன்று நான்கு படிகள் கலந்துள்ளன. முள்ளும் ஓடும் தனியாக. அதே கூழை வடித்து மசித்து ஒரே பதமாக்கினால், சுவை மாறாமலே நோயாளிக்கு அது கிட்டும். களி வழுவழுப்பானதாயினும் ஒட்டும் தன்மையுடையது. ஆதலால் தளர்ந்த நாக்குக்கு அது பாரமாகும். சோற்றுக்கஞ்சி ஆறத் தடிக்கும். வாயில் உமிழ்நீர் கலக்க மீண்டும் இளகும். இவையெல்லாம் சமைப்பவர் நாள்தோறும் காண்பனவே. அவற்றுக்குத் தொண்டையோடுள்ள தொடர்பு மட்டுமே புதிதாக அறியவேண்டியது.

பத்தியம் என்னும் கருத்து தமிழருக்குப் புதியதன்று. செகராசசேகரம், பரராசசேகரம் எனப் பெயர்பெற்ற மருத்துவ நூல்களைப் போற்றிய யாழ்ப்பாண மரபில், எந்நோய்க்கு எவ்வுணவு ஆகும், எது ஆகாது என்பது சிகிச்சையின் பாதியாகவே கொள்ளப்பட்டது. அம்மரபின் பத்தியம் பெரும்பாலும் உணவின் குணத்தைப் பற்றியது. இன்று வேண்டப்படுவது பதத்தையும் இருக்கையையும் பற்றிய பத்தியமாகும். நோயாளியைப் படுக்கையிற் கிடத்தியவாறு ஊட்டலாகாது. நிமிர்த்தி இருத்தி, உண்டபின்னும் அரைமணி நேரமேனும் அவ்வாறே வைத்திருத்தல் வேண்டும். ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி அண்ணாந்து பார்ப்பார். ஆகவே ஊட்டுபவரும் எதிரே அமர்தல் நன்று. ஒரு கரண்டி விழுங்கப்பட்டதைக் கண்டபின்னரே மறு கரண்டி. செம்பை உதட்டிற் படாது உயர்த்தி அண்ணாந்து அருந்தும் வழக்கம் தூய்மை கருதித் தோன்றிய நல்வழக்கமே. எனினும் விழுங்கற் குறைபாடு உடையவருக்கு இதனினும் ஆபத்தான முறை பிறிதொன்றில்லை. நெடுங்கால வழக்கத்தை முதுமையில் விடுவது எளிதன்று. அதன் காரணத்தை அவருக்கு விளங்க எடுத்துரைத்தலே வழி.

ஊட்டுவோர் யார்?

1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களைவிட்டு இடம்பெயர்ந்தனர். மயிலிட்டியின் வீடுகளும் துறைமுகமும் வைத்தியசாலையும் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 27 ஆண்டுகளின் பின்னர், 2017 யூலையில், துறைமுகமும் அதனை அடுத்த நிலப்பகுதியும் மக்களிடம் கையளிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் முதுமையெய்தியது. இளையோர் பலர் கடல்கடந்து சென்றனர். முன்னொருகால் கூட்டாக வாழ்ந்த குடும்பத்தில் முறைவைத்துச் செய்யப்பட்ட ஊட்டும் பணி, முதிய கணவனுக்கு முதிய மனைவி தனித்து நின்று செய்யும் பணியாகப் பல இடங்களிற் சுருங்கியது. ஒரு வேளை உணவுக்கு ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும் நோயாளியை, தாமும் தளர்ந்த ஒருவர் மூன்று வேளையும் பேணுதல் எளிதன்று. விரைந்து ஊட்டுதல் அன்பின்மையால் அன்று, களைப்பினால் நிகழ்வது.

நோய் மேலும் முதிருமிடத்துக் குழாய்வழி உணவூட்டும் முறை பற்றிய முடிவு எழுகின்றது. மூக்குவழிக் குழாய் பழைய முறையாகும். உள்நோக்குக் கருவியின் துணையுடன் வயிற்றுச் சுவரினூடாகக் குழாய் பொருத்தும் முறை 1980இல் வெளியிடப்பட்டது. இயக்க நரம்புக்கல நோயாளருக்கு, மூச்சுத்திறன் பெரிதும் குன்றுமுன் இதனைச் செய்தல் பயன்தரும் என்பது ஏற்கப்பட்ட கருத்தாகும். மறதி நோய் முற்றியோரிடத்து இது வாழ்நாளை நீட்டுமென்பதற்குத் தக்க சான்றில்லை. குழாய் பொருத்தியபின்னரும் உமிழ்நீர் வழிதவறும் ஆபத்து நீங்குவதில்லை. ஆகவே இம்முடிவை, நோயாளி தம் விருப்பத்தைத் தாமே சொல்லக்கூடிய காலத்திலேயே வீட்டாரும் வைத்தியரும் அவருடன் பேசி எடுத்தல் முறையாகும். பேச்சும் விழுங்கலும் ஒரே தசைகளின் தொழிலாதலால், அவரது விருப்பத்தைக் கேட்டறியும் காலமும் மெல்ல மெல்லக் கடந்து செல்கின்றது.

உயிர் பிரியும் தறுவாயில் உற்றார் ஒவ்வொருவராகப் பால் பருக்கும் வழக்கம் தமிழரிடையே உண்டு. உணவூட்டுதல் என்பது உடலை வளர்ப்பதற்கு மட்டுமன்று, உறவை உறுதிசெய்வதற்கும் உரியது என்பதை இவ்வழக்கம் உணர்த்துகின்றது. இதனாலேயே, விழுங்க முடியாதவருக்கு ஊட்டவேண்டாம் என்று மட்டும் சொல்லும் மருத்துவ அறிவுரை தமிழ் வீடுகளில் நிலைப்பதில்லை. எவ்வாறு ஊட்டுவது, எவ்வளவு ஊட்டுவது, ஊட்ட இயலாத நிலையில் வாயை நனைத்து உதட்டைத் துடைத்து அருகிருப்பது எங்ஙனம் என்று சொல்லும் அறிவுரையே நிலைபெறும். 1817இல் பார்க்கின்சன் கண்ட குறை இன்னும் தீரவில்லை. அதனைப் பேணும் வழிகள் கடந்த அரை நூற்றாண்டில் தெளிவாகியுள்ளன. மானிப்பாயில் ஒருகாலத்தில் மருத்துவ மாணவருக்காக ஆற்றப்பட்ட மொழிப்பணி, இன்று மயிலிட்டியிலும் பிற ஊர்களிலும் கரண்டி ஏந்தி நிற்பவருக்காக ஆற்றப்படல் வேண்டும். தமிழும் மருத்துவமும் பயிலும் பல்கலைக்கழகங்கள் இணைந்து ஏற்கவேண்டிய கடன் இதுவாகும்.